பனைமரத்துக்கு அந்தப் பக்கம் நான்கு வீடுகள்

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. அப்போது நான் கையில் துடைப்பத்தோடு மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. மாடியில் நானும் அம்மாவும். கீழே ஸ்டெல்லா அக்காவும் அவர் மகள் மெர்சியும். அக்காவுக்கு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை, பேக்கிங் செக்‌ஷன். அன்றைக்கு லீவு. வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார்.

கேட்டைத் திறந்துகொண்டு ஓர் இளம் ஜோடி உள்ளே வந்தது. வெளியே பெங்களூர் நம்பர் கார். ஆளுக்கொரு டிராலி பேக்.

"ஹாய்... செக்-இன் பன்னெண்டு மணிதானே? கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டோம்" என்றாள் அந்தப் பெண்.

அக்கா மீனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "எந்த வூட்டுக்கும்மா வந்தீங்க?"

அவள் போனை நீட்டினாள். நான் படியிறங்கி எட்டிப் பார்த்தேன். எங்கள் வீடுதான். அக்காவின் பூப்போட்ட கர்ட்டன், அக்காவின் மாதா படம், அடுப்பின் மேல் அக்காவின் கரிபிடித்த அலுமினியச் சட்டி — எல்லாம் பளபளவென்று போட்டோவில். வீட்டுக்காரர் கிறிஸ்துமஸ் சமயத்தில் வெள்ளையடிக்க அளவெடுக்கிறேன் என்று வந்து போனது இதற்குத்தான் போலிருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் ஆங்கில விளம்பரம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பாண்டிச்சேரியின் உள்ளூர் வாழ்க்கையை உள்ளே இருந்து அனுபவியுங்கள்.'

மெர்சி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "ம்மா, நம்ம வூட்ல ஏசி இருக்குதாம்."

வீட்டுக்காரருக்கு போன் போட்டோம். அவர் சங்கடப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "பசங்க தேதிய தப்பா போட்டுட்டாங்கம்மா. அடுத்த வருஷந்தான். மெர்சி ப்ளஸ் டூ முடிக்கட்டும், மே மாசம் காலி பண்ணிக் குடுங்க." தப்பு தேதியில் மட்டும்தான். மற்றதெல்லாம் சரியாம்.

அந்த ஜோடி நல்ல பிள்ளைகள். நாலு தடவை ஸாரி சொன்னார்கள். அக்கா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, "மீன் கொழம்பு ஆவறதுக்கு முக்கா மணி நேரம் ஆவும், இருக்கறீங்களா?" என்று வேறு கேட்டார். உள்ளூர் வாழ்க்கையை அதற்குமேல் எப்படி அனுபவிப்பது?

கார் போன பிறகுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதாவது... எங்கள் வாழ்க்கைக்கு விலை இருக்கிறது. மார்க்கெட் இருக்கிறது. அதை வாழ்கிற எங்களுக்குத்தான் இடம் இல்லை.

"க்கா, நாமளே ஒரு ஊரு கட்டினா இன்னா?"

"மொதல்ல கையில இருக்கற தொடப்பத்த கீழ வையி" என்றார் ஸ்டெல்லா அக்கா.

இதழில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். ஒரு யோசனை தலைக்குள் போய்விட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதோடு, இது நான் படித்த படிப்பு. சென்னையில் நகரமைப்பு படித்துவிட்டு வந்து இரண்டு வருடமாக ஓர் ஆபீஸில் மற்றவர்களுக்கு மனைப்பிரிவு வரைந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வயல் வரும். அதை எத்தனை துண்டாக வெட்டலாம் என்று நான் சொல்ல வேண்டும். அங்கே யார் வாழப்போகிறார்கள், காலையில் எழுந்து எங்கே போவார்கள், குழந்தையை யாரிடம் விட்டுப் போவார்கள்? இரண்டு வருடத்தில் ஒரு கஸ்டமர்கூட இதைக் கேட்டதில்லை.

நாங்கள் கேட்டோம். வாட்ஸ்அப் குரூப் ஒன்று. மூன்று மாதத்தில் ஒன்பது குடும்பங்கள். அவற்றில் ஆறு வீட்டில் யாராவது ஒருவர் சேதராப்பட்டுப் பக்கம் வேலைக்குப் போகிறவர். தினமும் டவுனிலிருந்து கம்பெனி பஸ் ஏறி வெளியே போகிறார்கள், சாயந்திரம் திரும்பி வருகிறார்கள். சனி ஞாயிறு ஆனால் டூரிஸ்ட் கூட்டத்தில் டவுனில் நடக்க இடமில்லை, அதனாலேயே வாடகை ஏறிக்கொண்டே போகிறது. அப்புறம் ஏன் டவுனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? வேலை இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர் கட்டிக்கொண்டால் என்ன?

ஒன்பது சின்ன வீடுகள். காலை டிபனுக்கும் மதிய டப்பாவுக்கும் ஒரே பொதுச் சமையற்கூடம். ஒன்பது வீட்டில் ஒன்பது பெண்கள் விடியற்காலை எழுந்து ஒரே சாம்பாரை ஒன்பது தடவை வைப்பானேன்? சின்னக் குழந்தைகளை விட ஒரு கூடம், அதுவே சாயந்திரம் ட்யூஷன் வகுப்பு. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வயலாகவே இருக்கும். காம்பவுண்டுச் சுவர் கிடையாது. கேட் கிடையாது. 'நகர்' என்று பெயர் போட்ட ஆர்ச் நிச்சயமாகக் கிடையாது. இதற்கெல்லாம் ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. கேட் இல்லை என்றதும் இரண்டு பேர் ஒரு வாரம் குரூப்பில் பேசவில்லை.

முன்பு ஒருமுறை இதைப் பற்றி ஜாடையாக எழுதியிருந்தேன். ஒரு வாசகர் கேட்டிருந்தார்: இருக்கிற கிராமமே காலியாகிக்கொண்டிருக்கிறது, உனக்கு எதற்குப் புதிதாக ஒன்று? இன்னொருவர், இது வசதியானவர்களின் வார இறுதிக் கனவு என்றார்.

வசதியா? ஸ்டெல்லா அக்கா தினமும் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர். நான் எங்கேயும் 'திரும்பி'ப் போகவும் இல்லை. எனக்குத் திரும்ப ஒரு கிராமமே கிடையாது. சொந்த ஊர் எது என்று கேட்டால் கருவடிக்குப்பத்தில் ஒரு குறுக்குத் தெருவைத்தான் சொல்வேன், அதுவும் அடுத்த மே வரைதான். ஊர் என்பது தானாக முளைப்பது என்று யார் சொன்னது? இந்தப் பாண்டிச்சேரியே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டின ஊர்தானே? கால்வாய்க்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள், அந்தப் பக்கம் நம் ஆட்கள் என்று எவனோ ஒரு பிரெஞ்சு கவர்னர் மேஜையில் உட்கார்ந்து வரைந்திருக்கிறான். கோடு போட கவர்னருக்கு மட்டும்தான் உரிமையா? பேக்கிங் செக்‌ஷன் போடக் கூடாதா?

இப்படியெல்லாம் வீரமாகப் பேசிவிட்டுத்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

சேதராப்பட்டுக்குப் பின்னால் ஏழுமலை அண்ணனின் நிலம். அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். விவசாயம் அவர், ஃபேக்டரி வேலை அவர் பையன். இரண்டரை ஏக்கர், நடுவில் வரிசையாகப் பனைமரங்கள். ஒரு ப்ளாட் கம்பெனி அவரை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. அவர் எங்கள் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் எங்கள் லட்சியம் இல்லை, வாய்க்கால்.

"பக்கத்துல ப்ளாட்டு போட்டவன் வாய்க்கால மூடிட்டாம்மா. அவன் நட்ட கல்லு பத்து வருஷமா அப்படியே நிக்குது, ஒரு வூடு வரல. இதையும் அவனாட்டம் ஆளுக்கு குடுத்தா, எனக்கு மிச்சம் இருக்கற கீழண்டை வயலுக்குத் தண்ணி ஏது? நீங்க மூட மாட்டீங்கல்ல?"

மூட மாட்டோம் என்றோம். ஆடியில் பத்திரம் போட மாட்டேன், ஆவணி ஒண்ணாந்தேதி வரைக்கும் யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் காத்திருக்கிறேன் என்றார். ஒரு பட்டாவைக் காட்டினார். புதுச்சேரி முத்திரை. போட்டோ எடுத்துக்கொண்டேன். லேப்டாப்பில் சாட்டிலைட் படத்தின் மேல் ஒன்பது வீடுகளையும் அழகாக வரைந்தேன். நிலம் எதுவரைக்கும் என்று கேட்டபோது அவர் வேலியைக் காட்டினார். அது உண்மைதான். வேலி வரைக்கும் அவருடையதுதான்.

வீடுகளைக் குலுக்கல் போட்டுப் பிரித்தோம், எங்கள் மொட்டை மாடியில், ஒரு குழம்புச் சட்டியில் சீட்டுப் போட்டு. எனக்கும் அம்மாவுக்கும் மூன்றாம் நம்பர். ஸ்டெல்லா அக்காவுக்கு ஏழு. கிழக்கு பார்த்த வாசல், பக்கத்தில் ஒரு வேப்பமரம். மறுநாளே அக்கா கர்ட்டனுக்கு அளவு கேட்டார். இன்னும் செங்கல்லே வரவில்லை, ஜன்னலுக்கு அளவு.

ஆனி மாத வெயிலில் ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் புலப்படத்தை, அதாவது அரசாங்க நில அளவை வரைபடத்தை, கையில் வைத்துக்கொண்டு மேற்கிலிருந்து அளந்துகொண்டே வந்தார். பனைமர வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டார். ஒரு காலை முன்னால் வைக்கப் போனவர் பின்னால் எடுத்துக்கொண்டார், எதிரே ஆறு ஓடுகிற மாதிரி.

"இன்னா சார் நின்னுட்டீங்க?" ஸ்டெல்லா அக்கா தன் வேப்பமரத்தடியிலிருந்து கேட்டார்.

"இதுக்கு மேல நான் அளக்க முடியாதும்மா. அந்தப் பக்கம் தமிழ்நாடு."

அக்கா தன் காலடியைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப நான் எங்க நிக்கறேன்?"

"விழுப்புரம் மாவட்டத்துலம்மா."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரி என்பது ஒரே துண்டாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். கிழித்துப் போட்ட தோசை மாதிரி அங்கங்கே கிடக்கும். டவுனிலிருந்து சேதராப்பட்டுக்கு ஸ்கூட்டரில் போனால் வழியில் தமிழ்நாடு உங்களை வரவேற்கும், சற்று தூரம் போனால் மறுபடி புதுச்சேரி வரவேற்கும். ஒரே மழைக்கு இந்தப் பக்கப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு, அந்தப் பக்கப் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு போவார்கள். சின்ன வயதில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். நகரமைப்பு படித்த, இந்த ஊரிலேயே பிறந்த நான், அந்தக் கோடு நம் நிலத்துக்கு நடுவில் ஓடுமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட தோன்றியிருக்கும்.

ஏழுமலை அண்ணன் நிழலில் உட்கார்ந்து நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாம இன்னா? ரெண்டு பக்கமும் நாந்தானே வரி கட்டறேன்."

"சொல்லவே இல்லையேண்ணே."

"நீ எங்க கேட்ட? வர்ற, பொட்டியத் தொறந்து படம் காட்டற. நானும் நல்லாருக்குதுன்னேன். நல்லாத்தான் இருந்துச்சு."

சரி, எல்லா வீட்டையும் பனைமரத்துக்கு இந்தப் பக்கமே தள்ளிவிடலாமே என்று லேப்டாப்பைத் திறந்தேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத் திறந்தேன். அண்ணன் கையால் காட்டினார். "இப்பிடி தெக்கால பாதி பள்ளம். கார்த்திகையில வந்து பாரு, முட்டியளவு தண்ணி நிக்கும். மேட்டுல அஞ்சு வூடு கட்டலாம். அதுக்கு மேல கட்டினா படகு வாங்கணும்."

ஐந்து வீடு புதுச்சேரி. நான்கு வீடு தமிழ்நாடு. ஸ்டெல்லா அக்காவின் ஏழாம் நம்பரையும் சேர்த்து.

திரும்பும்போது அக்கா என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தார். வீட்டு வாசலில் இறங்கிச் சேலையைச் சரி செய்துகொண்டே சொன்னார்: "நான் வரல, திவ்யா. உன்மேல கோவமில்ல. மெர்சிக்கு நர்சிங் சீட்டு வாங்கணும்."

இது புரிய இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். புதுச்சேரியில் இத்தனை வருடம் குடியிருந்தோம் என்று ஒரு சான்றிதழ். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென்று இருக்கும் காலேஜ் சீட்டுக்கு அது வேண்டும். அரசாங்க வேலைக்கும் அது வேண்டும். இங்கே எந்த அம்மாவும் பீரோவில் நகைக்கு மேலே அதைத்தான் வைத்திருப்பாள். மெர்சி விண்ணப்பம் போடப்போவது அடுத்த கோடையில், சரியாக நாங்கள் குடிபோகிற நேரத்தில். பனைமரத்துக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளித் தூங்கினால் அவள் வெளிமாநிலத்துப் பெண். அதே மே மாதம் அக்காவுக்கு இருக்கிற வீடும் போகிறது. ஊருக்கு வந்தால் சீட்டு போகும். வராவிட்டால் இந்த வாடகைக்கு எங்கே போவார்?

ஆடி மாதம் முதல் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து ஸ்டெல்லா அக்கா வந்த பிறகு, மொட்டை மாடியில் கூட்டம். அந்தப் பக்கம் சீட்டு விழுந்த நான்கு வீட்டுக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள். என்ன குலுக்கலோ.

ஒன்பதாம் நம்பர் குமரவேல் சாருடையது. டவுனில் ஒரு ஆபீஸில் கிளார்க், எப்போதும் ஒரு வழி வைத்திருப்பவர்.

"இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்? என் மச்சான் வூடு ரெட்டியார்பாளையத்துல இருக்குது. ஆதாரு, ரேஷன் கார்டு எல்லாத்தையும் அந்த அட்ரஸ்ல வெச்சுக்குவோம். இருக்கறது இங்க, பேப்பர்ல அங்க. எவன் பண்ணல?"

மாடி முழுக்க ஒரு பெருமூச்சு. எனக்கும்தான். உண்மையைச் சொன்னால் ஒரு நிமிடம் அவர் காலில் விழலாம் போலிருந்தது. அந்த ஒரு நிமிடம்தான்.

"வேணாம் சார்" என்றேன்.

"ஏம்மா?"

"நாலு வீட்டுலயும் ஆளு இருக்கும், பேப்பர்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அப்புறம் அந்தப் பக்கம் ரோடு வேணும்னு யாரு போய்க் கேக்கறது? தெருவிளக்குக்கு யாரு மனு குடுக்கறது? ஓட்டு எங்க போடுவீங்க? ஆளே இல்லாத ஊருக்கு எவன் சார் லைட்டு போடுவான்?"

"சட்டம் பேசாத. உனக்குப் புள்ளையா குட்டியா?"

"இல்ல. ஆனா பொய் அட்ரஸ்ல ஊரு ஆரம்பிக்க மாட்டேன்."

"அப்ப நீ போயேன் அந்தப் பக்கம்." குமரவேல் சார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "உன்னுது மூணாம் நம்பர்தானே? பத்திரமா இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு நியாயம் பேசறது ஈஸிதான்."

அது சுருக்கென்று பட்டது. காரணம், அவர் சொன்னது சரி.

இங்கே நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதுச்சேரி அரசு வேலைக்கு ஜூனியர் இன்ஜினியர் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கிறேன். இரண்டாவது தடவை. எங்கள் தெருவில் அது தெரியாத ஆளில்லை. அம்மா காய்கறிக்காரரிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறார். அந்த வேலைக்கும் அதே சான்றிதழ்தான். அந்தப் பக்கம் குடிபோனால், இனி வருகிற பரீட்சைகளையும் மறந்துவிட வேண்டியதுதான்.

"போறேன்" என்றேன். "ஸ்டெல்லாக்கா, உங்க ஏழ எனக்கு குடுங்க. மூண நீங்க எடுத்துக்குங்க."

அம்மா எழுந்து கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுக்கப் போனார். அவை இன்னும் காயவே இல்லை.

ஸ்டெல்லா அக்கா என்னை உற்றுப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். "உன் வேலை?"

"வந்தா பாத்துக்கலாம்."

"வராதுன்னு தெரிஞ்சுதான் குடுக்கறியா?" என்றார். பிறகு, "மூணுல வேப்பமரம் இல்லியே" என்றார்.

அப்போது பின்னால் ஒரு தொண்டைச் செருமல். ரெனே முசே. முசே என்றால் எங்கள் ஊரில் சார். பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் பிரான்ஸில். அவரும் அவர் மனைவி மதாமும் மட்டும் ரெட்டியார்பாளையத்தில் பெரிய வீட்டில் தனியாக இருக்க முடியாமல் எங்களோடு சேர்ந்தவர்கள். கூட்டங்களில் இதுவரை கேட்டைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறார், அதுவும் வேண்டும் என்று.

"அலோர்... சரி, என் பாஸ்போர்ட்டு எந்த ஊரு? பிரான்ஸ். எனக்கு விழுப்புரமும் ஃபாரின், பாண்டியும் ஃபாரின். ஆறாம் நம்பர் எனக்கு, என்னுது அவங்களுக்கு. ஆனா ஒண்ணு, நாய் வளப்பேன். கேட் இல்லைன்னுட்டீங்க இல்ல?"

மாடியே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பிரபு தன் மனைவியைப் பார்த்தான். கல்யாணமாகி ஒரு வருடமான ஜோடி, இரண்டு பேருமே ஃபேக்டரி வேலை.

"சொல்லிடட்டுமா?"

"சொல்லு, இன்னும் எத்தினி நாளைக்கு" என்றாள் அவள்.

"எங்க சொந்த ஊரு செஞ்சி, விழுப்புரம் ஜில்லாங்க. ரேஷன் கார்டே இன்னும் அங்கதான் இருக்குது. பாண்டிக்காரங்க கூட்டத்துல இதச் சொன்னா சேத்துக்க மாட்டீங்களோன்னு... எட்டாம் நம்பர நாங்க மாத்திக்கறோம், எங்களுக்கு அது சொந்த ஜில்லாதான்."

இத்தனை மாதமாக ஒரே குரூப்பில் இருக்கிறோம். பனைமர வரிசை எங்களுக்குள்ளேயே இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நம்பர் மிச்சம். எல்லோரும் குமரவேல் சாரைப் பார்த்தோம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆல் தி பெஸ்ட்" என்றார். வீடு போய்ச் சேர்வதற்குள் வாட்ஸ்அப்பில் 'லெஃப்ட்' என்று வந்துவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். இருக்கிறது. நல்ல மனிதர், அவர் சொன்னதைத்தான் ஊரில் முக்கால்வாசிப் பேர் செய்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் செய்வதைச் செய்வதாக இருந்தால் நாங்கள் முப்பதுக்கு நாற்பது ப்ளாட் வாங்கிக் கல் நட்டுவிட்டுப் போயிருக்கலாமே?

அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. தட்டு வந்தது, சோறு வந்தது, பேச்சு வரவில்லை. ஒரே ஒரு தடவை, குழாயடியில் ஸ்டெல்லா அக்காவிடம் சொல்கிற மாதிரி எனக்குக் கேட்கச் சொன்னார்: "பாண்டிச்சேரியில பொறந்து பாண்டிச்சேரியில வாக்கப்பட்டு, கடைசியில நான் விழுப்புரத்துக்காரியாவணுமா?"

மூன்றாம் நாள் காலை ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றார். "கூட்டிப் போ. எந்த எழவுக்கு அரசாங்க வேலைய விட்டன்னு நானும் பாக்கறேன்."

பனைமரத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். செருப்புக் காலால் மண்ணைக் கிளறினார். அம்மா கேன்டீனில் பதினெட்டு வருடம் சமைத்தவர். எங்கள் பொதுச் சமையற்கூடமே அவரை நம்பித்தான்.

"கிச்சன் எங்க?"

காட்டினேன். புதுச்சேரிப் பக்கம், மூன்றாம் நம்பருக்கு எதிரே.

"தண்ணி?"

கிணறு அந்தப் பக்கம். குழாய் இழுக்கலாம் என்றேன்.

"கெணறு அங்க, நான் படுக்கறது அங்க, அடுப்பு மட்டும் இங்கயா? விடியக்கால ஜில்லா தாண்டி வந்து நான் சாம்பார் வெக்கணுமா?" கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலா பக்கமும் பார்த்தார். "அடுப்ப அந்தாண்ட மாத்து. எல்லாரும் டப்பா வாங்க அந்தப் பக்கம் வரட்டும். பாண்டிச்சேரிக்காரங்களுக்கு நடை ஆவட்டும்."

மாற்றினேன். அது மேலான பிளான் என்பதை என் படிப்பு ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தது. சமையற்கூடம் பனைமரத்துக்கு அந்தப் பக்கம் போனதும், இந்தப் பக்கத்து ஐந்து வீட்டுக்காரர்களும் தினமும் காலையில் ஒரு தடவை மாநிலம் தாண்டித்தான் ஆக வேண்டும். ஐந்து வீடு ஓர் ஊர், நான்கு வீடு வேறு ஊர் என்று பிரிகிற பயம் எனக்கு இருந்தது. ஒரு சாம்பார்ச் சட்டி போதும் போலிருக்கிறது.

திரும்பும் வழியில் அம்மா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்.

"ஏன்டி, தமிழ்நாட்டுலயும் இன்ஜினியருக்குப் பரீட்சை வெக்கறாங்க இல்ல?"

"வெக்கறாங்க."

"எழுது."

ஏழுமலை அண்ணனிடம் நேற்றுப் போய் நிலைமையைச் சொன்னோம். ஒன்பது இல்லை, எட்டு; ஒன்பதாவது வீட்டின் பாரத்தை எட்டுப் பேரும் பங்கு போட்டுச் சுமப்பதாக முடிவு. அவர் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "எட்டோ ஒம்போதோ, ஆவணியில வந்து கையெழுத்து போடுங்க. வாய்க்கா மட்டும் படத்துல இருக்குதா, காட்டு."

காட்டினேன். இந்தத் தடவை அவர் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பார்த்தார். ஒரு திருத்தம் சொன்னார். மதகு நான் போட்ட இடத்தில் இல்லையாம்.

ஆடி முடிய இன்னும் ஆறு நாள். ஆவணி பிறந்ததும் முதல் வேலையாக, காலையில் புதுச்சேரிப் பக்கத்துப் பதிவு அலுவலகம், மதியம் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பதிவு அலுவலகம். அதற்கு மறுநாள், கட்டட அனுமதிக்கு மனு. அங்கேதான் வேடிக்கை. என் ஆபீஸ் சீனியர் தலையில் அடித்துக்கொள்கிறார். "ரெண்டு கவர்ன்மென்ட்டுக்கும் தனித்தனி டிராயிங் குடும்மா. அஞ்சு வீட்டுக்கு ஒண்ணு, நாலு வீட்டுக்கு ஒண்ணு. நடுவுல ஒரு சுவர் காட்டிடு. ஈஸியா முடிஞ்சுடும்."

ஈஸியாக முடியும்தான். ஒரே ஊர் இரண்டு லேஅவுட்டாக முடியும்.

நான் ஒரே வரைபடத்தைத்தான் கொடுக்கப் போகிறேன். ஒன்பது வீடும், ஒரு சமையற்கூடமும், ஒரு வாய்க்காலும் உள்ள ஒரே தாள். அதே தாளின் இரண்டு காப்பி. ஒன்பதாவது வீட்டையும் அழிக்கவில்லை; ஆள் வரும். ஸ்டெல்லா அக்கா இரண்டு நாளும் லீவு சொல்லிவிட்டார். ரெனே முசே கோட் போட்டுக்கொண்டு வருகிறாராம். இந்த மாதிரி ஒரு தாளை இதற்கு முன் யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று சீனியரிடம் கேட்டேன். தெரியாது என்றார். இரண்டு ஆபீஸிலும் முடியாது என்றுதான் சொல்வார்கள் என்றார்.

சொல்லட்டும். அதை எழுத்தில் வாங்காமல் வரமாட்டேன்.